விலகும் வித்தையும் மாம்பலத்து வரனும்

உலகத்தில் யாரும் என்னை அடிக்க நினைத்ததில்லை. அடிவாங்கும் அளவுக்கு நான் முக்கியஸ்தனும் இல்லை. இருந்தும், எல்லோரும் அடிக்கத்தான் வருகிறார்கள் என்று நம்பிக்கொண்டு மயிலாப்பூரில் ஒரு வருஷம் திரிந்த அசடு நான்.

லஸ் பக்கம் யாரையோ மடக்கிக் கைக்கடிகாரத்தைப் பறித்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து பிடித்த கிலி அது. என்னிடம் கைக்கடிகாரம் கிடையாது. அது திருடனுக்குத் தெரியுமா?

சாந்தோம் கடற்கரையில் என் வயதுக்காரரான மீனவர் ஒருவர் சிலம்பம் சொல்லிக்கொடுத்தார். அவரிடம் சேர்ந்தேன். மாதக்கணக்கில் கம்பையே கண்ணில் காட்டவில்லை. மணலில் சாய்ந்து ஓரடி, பிறகு அரைவட்டம், எதிராளியின் தோள் திரும்பினால் கூடவே திரும்பி அவன் முதுகுப்பக்கம் போய்விடுவது; எந்நேரமும் காலடிதான். அடிக்கும் வித்தையைத் தன் ஆட்களுக்கென்று ஒளித்துவைத்திருக்கிறாரோ என்று அவர்மேலும் சந்தேகம். கேட்டும்விட்டேன்.

“அடி வுழுற எடத்துல நீ இல்லேன்னா, கம்பு இன்னாத்துக்கு ஐயரே?” என்றார். “அடிக்க வர்றவன் மொதல்ல நல்லா பேசி நிக்க வெப்பான். நின்னுகினு இருக்காத.”

அந்தச் சமயத்தில்தான் மாம்பலத்தில் எனக்குப் பெண் பார்த்தார்கள். நான் காபியை மடியில் கொட்டிக்கொண்டபோது அவள் சிரித்த சிரிப்பிலேயே, கட்டினால் இவளைத்தான் என்று தீர்மானித்துவிட்டேன். ஊரிலிருந்து அவள் மாமா வந்ததும் பதில் சொல்வதாகச் சொன்னார்கள்.

பதிலுக்குக் காத்திருந்த நாட்களில் ஒரு சாயங்காலம் டிராமை விட்டு இறங்கினேன். குடையும் கறுப்புக் கோட்டுமாக ஒருவர் பின்னாலேயே இறங்கினார். வெற்றிலைக் கடையில் என்னைக் காட்டி ஏதோ விசாரித்தார். நான் நடந்தால் நடந்தார். நின்றால் சுவர் விளம்பரத்தைப் படித்தார். வானத்தில் மேகமே இல்லை, குடை எதற்கு?

குளக்கரைத் திருப்பத்தில் குடையை உயர்த்தியபடி நெருங்கி, “சித்த நில்லுங்கோ” என்றார். நல்லா பேசுகிறான், ஆகவே இவனேதான். சாய்ந்து ஓரடி வைத்தேன். தோளைத் தொட வந்த கை காற்றைத் தொட்டது. அவர் திரும்பினார், நானும் கூடவே திரும்பி முதுகுப்பக்கம் போனேன். குதிரைவண்டிக்காரன் ஒருவன் வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்த்தான். என்னைத் தேடிச் சுற்றிய சுற்றில் அவர் கால் சாக்கடைக்குள் போயிற்று. நான் சந்துக்குள் மறைந்தேன். அன்று என் குருவைச் சந்தேகப்படாமல் தூங்கினேன்.

மாம்பலத்திலிருந்து பதிலே வரவில்லை. பொறுக்கமாட்டாமல் நானே போனேன். ஊஞ்சலில், வீங்கிய கணுக்காலில் பற்றுப் போட்டுக்கொண்டு அதே மனிதர். மாப்பிள்ளையின் நடத்தையை ரகசியமாக விசாரித்துவிட்டு, நேரில் ஒரு வார்த்தை பேச வந்தவர், பெண்ணின் மாமா. பையன் ஆளைக் கண்டால் ஒளிகிறான், தெருவில் கோணல்மாணலாக நடக்கிறான், கள்ளுக்கடைப் பழக்கமோ என்னவோ என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்.

கடற்கரை, காலடி, இல்லாத கைக்கடிகாரம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். குடித்தவன் நடை இல்லை என்று நிரூபிக்கக் கூடத்திலேயே அரைவட்டம் போட்டும் காட்டினேன். கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். நம்பிவிட்டார் என்று முகத்திலேயே தெரிந்தது. அப்படியானால் முகூர்த்தம் பார்க்கலாமா என்று கேட்டேன்.

“எங்காத்துப் பொண்ணுக்கு நின்னு பேசறவன் போறும்” என்றார்.