அக்காவோடு கடலுக்குப் போக ஒரு நாய்

கொடியில் காய்ந்த நீலப் பாவாடைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. அதன் ஓரம் முழுக்க நாயின் பல் பட்ட ஓட்டைகள். அம்மா அதைத் தைத்துத் தைத்துச் சலித்துப்போய், "இது உன்னக் காப்பாத்த வந்த நாயா, துணி கிழிக்க வந்த நாயா?" என்று அக்காவைக் கேட்பாள். அக்கா சிரிப்பாள். அவள் சிரிப்பதைக் கேட்டால் போதும், அம்மா இன்னொரு முறை ஊசியில் நூல் கோக்கத் தயாராக இருந்தாள். ஏனென்றால் அதற்கு முந்தைய ஒரு வருஷம் எங்கள் வீட்டில் அந்தச் சத்தமே இல்லை.

நாங்கள் திருப்பாச்சூர்க்காரர்கள். கோயில் குளத்திலேயே இரண்டு படிக்கு மேல் இறங்காத குடும்பம். அப்பாவுக்கு உப்பளத்தில் மேற்பார்வை வேலை கிடைத்ததால் அறுபதுகளில் காட்டுப்பள்ளிக்குக் குடிவந்தோம். ஒருபக்கம் கடல், மறுபக்கம் கால்வாய், நடுவில் மணலும் சவுக்கும். அக்காவை ஆவடியில் கட்டிக்கொடுத்திருந்தோம். அந்த மனிதருக்கு ஏற்கெனவே வேறொரு குடும்பம் இருந்தது தெரிந்ததும் அவள் தகரப்பெட்டியோடு திரும்பி வந்துவிட்டாள். கோடை முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். ஒருநாள் விடிந்தபோது பாயில் அவள் இல்லை. அம்மா தலைவிரிகோலமாகக் கரைக்கு ஓடினாள், பின்னாலேயே நானும் ஓடினேன். அக்கா மார்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள். அம்மா போட்ட கூச்சலில் திரும்பிப் பார்த்து, மெல்ல நடந்து வந்து, "குளிக்கத்தாம்மா போனேன்" என்றாள். அம்மா அதை நம்பவில்லை. மகள் சாகத்தான் போனாள் என்று அவள் மனதில் பதிந்துவிட்டது. அதை அவள் அக்காவிடம் கேட்கவும் இல்லை.

மறுநாளும் அக்கா கடலுக்குப் போனாள். அதற்கடுத்த நாளும் போனாள். கால்வாயில் மீனவப் பிள்ளைகளோடு சேர்ந்து நீச்சல் பழகினாள். அவர்கள் கேலி செய்தார்கள். மூக்கில் தண்ணீர் ஏறி இருமிக்கொண்டே அவளும் சேர்ந்து சிரித்தாள். தாவணியும் பாவாடையுமாக ஒரு பெண் காலையில் மணலில் ஓடுவதையும், அலைக்கு அப்பால் போய் நீந்துவதையும் அந்தக் காலத்தில் யார் கண்டார்கள்? குப்பத்துப் பெண்கள்கூட வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். யார் என்ன பேசினாலும் அவள் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. தடுத்துப் பார்த்த அப்பா கடைசியில் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: "தனியாப் போவாத. ஒரு நாய் வெச்சிக்க. எதுனா ஆச்சுன்னா அதுனாச்சும் கத்தும்."

திருவள்ளூரிலிருந்து மாமா ஆசையாக ஒரு சடைநாய்க் குட்டியைக் கொண்டுவந்தார். ஒரே வாரத்தில் அதன் முடியெல்லாம் மணலும் சவுக்குச் சருகுமாகச் சிக்குப்பிடித்துவிட்டது. வெயில் ஏறினால் நாக்கைத் தள்ளிக்கொண்டு தண்ணீர்ப் பானையடியில் போய் விழுந்துவிடும். அக்காவே பரிதாபப்பட்டு அதைத் திருப்பி அனுப்பினாள். அடுத்து, மாற்றலாகிப் போன உப்பள மேனேஜர் தன் லாப்ரடாரை எங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். கடலைப் பார்த்தால் குதித்துவிடும், அவ்வளவு அருமையான நாய். ஆனால் தண்ணீரில் இருக்கும் மனிதர்கள் எல்லோரும் மூழ்குகிறார்கள் என்பது அதன் எண்ணம். அக்கா நாலு கை போடுவதற்குள் பின்னாலேயே நீந்தி வந்து பாவாடையைக் கவ்விக் கரைக்கு இழுத்துவிடும். காய்கிற கருவாட்டையும் அது விட்டுவைப்பதில்லை. குப்பத்தில் தினம் ஒரு பஞ்சாயத்து.

அதை மீஞ்சூரில் தெரிந்தவர் வீட்டுக்குக் கொடுத்த பிறகு அக்கா யோசிக்க ஆரம்பித்தாள். கண்ணில் பட்டவரையெல்லாம் நாய் ஜாதிகளைப் பற்றி விசாரித்தாள். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்த்தபோது யாரும் இவ்வளவு விசாரிக்கவில்லை என்று அவளே ஒருமுறை சொன்னாள். "மணல்ல என்கூட ஓடணும். வெயில் தாங்கணும். கருவாட்டுல வாய் வெக்கக் கூடாது. நான் தண்ணியில இருக்கச் சொல்ல கம்முனு கரையில நிக்கணும்." இதுதான் அவள் கேட்டது. இஞ்சினியர் ஒருவர் அல்சேஷன் தருவதாகச் சொன்னார். அதன் அடர்ந்த முடியைத் தடவிப் பார்த்துவிட்டு, "இந்த வெயில்ல இது பாவம் சார்" என்று வேண்டாமென்றுவிட்டாள். அக்கரையில் உப்பேற்ற வரும் லாரி டிரைவர் ஒருவர் கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். அவரிடம் ராஜபாளையம் குட்டி கேட்டாள். "வெள்ளைத் தோலு தாயி, இந்தக் கடற்கரை வெயிலுக்குச் செவந்து புண்ணாயிரும். எங்க பக்கத்துக் கன்னி ஜாதி நாய்க்குட்டி கொண்டாறேன். ஓட்டத்துல அத மிஞ்ச ஆளில்ல. ஆனா தண்ணியக் கண்டா நாலு எட்டு தள்ளித்தான் நிக்கும்" என்றார் அவர். அக்காவின் முகம் மலர்ந்தது. அடுத்த நடையில் கரிய குட்டி ஒன்று வந்தது. வண்டு என்று பெயர் வைத்தோம்.

வண்டு வளர்ந்ததும் இருவரும் சவுக்குத் தோப்புவரை ஓடுவார்கள். மெலிந்த கால்கள் மணலைத் தொட்டதும் தொடாததுமாகப் பறக்கும். அக்கா நீந்தப் போனால் அவள் கரையில் வைத்த மாற்றுத் தாவணிமேல் உட்கார்ந்துகொண்டு கண்ணை எடுக்காமல் பார்த்திருக்கும். அலையின் நுரை காலில் பட்டால் ஏதோ அவமானம் நேர்ந்ததுபோல விலகிக்கொள்ளும். இன்று அங்கே கப்பல் கட்டும் தளமும் துறைமுகமும் வந்துவிட்டன. அவர்கள் ஓடிய இடத்தைச் சுவருக்கு வெளியிலிருந்து கைகாட்டத்தான் முடியும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு காலை. கடல் அமைதியாகத்தான் இருந்தது. அடியில் நீரோட்டம் மாறியிருந்ததை அக்கா அறியவில்லை. அவளை அது வடக்கே இழுத்துக்கொண்டு போயிற்று. தாவணியை விட்டு எழுந்த வண்டு, கரையோரமாக அவள் போகும் திசையிலேயே கத்திக்கொண்டு ஓடியிருக்கிறது. குப்பத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் நாயைப் பார்த்தார்கள். பக்கத்தில் அக்கா இல்லை. அது எந்த இடத்தில் நின்று கடலைப் பார்த்துக் கத்தியதோ, அதற்கு நேராகக் கட்டுமரத்தைத் தள்ளினார்கள்.

சேதி கேட்டு நாங்கள் போனபோது அக்கா மணலில் கிடந்தாள், மூச்சு வாங்கியது. நான் ஓடிப்போய் அவள் தலையை மடியில் எடுத்துக்கொண்டேன். அம்மா கிட்டவே வரவில்லை. கட்டுமரத்தில் போன பெரியவரிடம் நேராகப் போய் நின்றாள்.

"நீங்க பாக்கச் சொல்ல எம்பொண்ணு இன்னா பண்ணிக்கினு இருந்துச்சு?"

பெரியவருக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. "இன்னாமா இப்படிக் கேக்குற? கரையப் பாத்து நீந்திக்கினு இருந்துச்சு. கையி ஓஞ்சி போச்சு, அப்பவும் வுடல. மரத்துல தூக்கிப் போட்டப்புறமும் கை ஆடிக்கினேதான் இருந்துச்சு."

"கரையப் பாத்தா?"

"கரையப் பாத்துத்தாம்மா."

அம்மா அப்படியே மணலில் உட்கார்ந்து அழுதாள். அக்கா வாழாமல் திரும்பி வந்த அன்றுகூட அழாதவள் அவள்.

அன்று மாலை அப்பா, இனி கடல் பக்கமே போகக் கூடாது என்று தீர்மானமாகச் சொன்னார். அக்காவின் தலையில் ஒட்டியிருந்த மணலை விரலால் தட்டிவிட்டுக்கொண்டிருந்த அம்மாதான் பதில் சொன்னாள்.

"போவட்டும் வுடுங்க. அவ திரும்பி வந்துடுவா."