பதில் வராத சலாம்

ஜாபர் பாய் இறந்த செய்தியும் அதற்கான தீர்ப்பும் ஒரே போனில் வந்தன. முதல் ஷிப்ட் முடிந்து வெளியே நின்றிருந்தேன். "நெஞ்சுவலிப்பா, பாய் போயிட்டாரு," என்றார் எங்கள் குழுவின் மேஸ்திரி. அடுத்த மூச்சிலேயே, "கூடப்பொறந்தவன்கிட்ட பேசாம இருந்துகினு ஊருக்குப் போதிச்சாரே, அதான்," என்றார்.

சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்தும் நிலக்கரியை ஜாபர் பாயோடு நான்கு ஆண்டுகள் வாரிய காண்ட்ராக்ட் தொழிலாளி நான். பாய் அடிக்கடி போதிப்பது இதைத்தான். "ரெண்டு பாவத்துக்குத் தண்டனை இங்கயே சுருக்க வந்துடும்னு நபி சொல்லிருக்காங்க. அநியாயம் பண்றது, ரத்த சொந்தத்த அறுக்கறது. மறுமைல இருக்கறது தனி."

எனக்கு அந்தப் பேச்சில் சந்தேகம். ஏழையைப் பொறுத்துப்போகச் சொல்லும் பேச்சாகவே தெரிந்தது. மழைக்கோட்டு கேட்ட பதினோரு பேரைக் காண்ட்ராக்டர் வேலையை விட்டு வெளியே தள்ளியபோது கேட்டேன்: "எங்க, பாய், உங்க தண்டனை? ஆளு நல்லா குண்டாயிகினே போறான்!"

"எப்ப வரும்னு எனக்குச் சொல்லலடா. பேனாவக் குடு," என்றார். அந்தப் பதினோரு பேருக்காக நாங்கள் எழுதிய புகார் மனுவில் முதல் கையெழுத்து அவருடையது.

பிறகு ஒருநாள் வேண்டுமென்றே குத்தினேன். "தம்பிகூட நீங்க பேசறதில்லையாமே? அந்தக் கணக்குல நீங்களும் வருவீங்களே?"

ஞாயிறு வேலை செய்து வெள்ளி லீவு வாங்குகிறவர் அவர். அந்த வெள்ளி என்னையும் பஸ் ஏற்றி மேல்பட்டாம்பாக்கம் கூட்டிப்போனார். தம்பி யூசுப்பின் பாத்திரக்கடை வாசலில் நின்று, "அஸ்ஸலாமு அலைக்கும்," என்றார். யூசுப் எங்களைப் பார்த்துவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டு குண்டான் அடுக்கினார். திரும்பி வந்துவிட்டோம்.

தாய் இறந்தபோது யூசுப் துபாயில் இருந்தார். மய்யித்தை, இறந்தவர் உடலை, அதிக நேரம் வைத்திருக்கக் கூடாதென்று பாய் அடக்கம் செய்துவிட்டார். தம்பி வந்து சேர்ந்தபோது கபரில் மண் ஈரமாக இருந்தது. அன்றோடு பேச்சு நின்றது; அன்றிலிருந்து வெள்ளிதோறும் பாய் இப்படிப் போய் சலாம் சொல்கிறார் என்பது திரும்பும் பஸ்ஸில்தான் எனக்குத் தெரிந்தது.

"வாரா வாரம் இந்த அவமானம் எதுக்கு?" என்று கேட்டேன்.

"நான் போகலன்னா ரெண்டு பேரும் அறுத்ததாயிடும். போனா பதில் சொல்ல அவனுக்கு இன்னொரு தடவ கெடைக்கும். அவனுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயமா இருக்குடா. வெளியில சொல்லாத, அவன் மானம் போவும்."

சொல்லவில்லை. அடக்கத்தன்று பள்ளிவாசலில் மேஸ்திரியின் அந்தத் தீர்ப்பு ஆளுக்கு ஆள் தாவியபோதும் பல்லைக் கடித்துக்கொண்டேன். ஜனாஸா தொழுகைக்கு முன் யூசுப் எழுந்தார். "எங்க அண்ணன் யாருக்காவது தப்பு பண்ணிருந்தா மன்னிச்சிடுங்க," என்றார். அவர் அழுததையும் சந்தேகத்தோடுதான் பார்த்தேன்.

மண் தள்ளியதும் யூசுப்பே என்னிடம் வந்தார். "நீதானே கூட வந்தவன்? எழுதுற பையன்னு சொன்னாங்க. நான்தான் பதில் சொல்லலன்னு எழுது. அவர் பேர்ல இந்தப் பழி நிக்கக் கூடாது." போகத் திரும்பியவர், "அவங்க சொல்ற தண்டனை எனக்குத்தான் வந்துடுச்சுன்னு நெனைக்கிறேன்," என்றார்.

எழுதிவிட்டேன். மேஸ்திரியும் படிக்கட்டும்.

பாய் நம்பியதை நான் இன்னும் நம்பவில்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அவருடைய பயத்தைத்தான். தன்னை வெறுத்தவனுக்குத் தண்டனை வந்துவிடுமோ என்று பயந்து ஒரு மனிதர் ஏழு வருடம் பஸ் ஏறினார். எனக்கு அப்படிப் பயப்படத் தெரியாது.