மாமா சைக்கிளுக்குப் பிடி செய்தது

அன்று வாசலில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பா. அத்தை, அதாவது அப்பாவுக்கு அக்கா, புருஷன் செத்த பிறகு எங்கள் வீட்டோடு வந்துவிட்டவள். அம்மா. அவள் உள்ளே அடுப்படியில் இருந்தாள், ஆனாலும் சேர்த்தி. மாமா, அம்மாவின் தம்பி. நான், வயது ஒன்பது. அப்புறம் மாமாவின் சைக்கிள். அது ஆள் இல்லைதான். ஆனால் அந்த நாளில் எங்கள் வீட்டில் அதற்குத்தான் முதல் மரியாதை. அது வந்தால் அப்பாவே எழுந்து இடம் விடுவார்.

எங்கள் ஊர் பாகூர்ப் பக்கம். பிரெஞ்சுக்காரன் காலம். மேரி என்று சொல்வோம், கொம்யூன் ஆபீஸை, மேர் துரை உட்கார்ந்து ஊர் நிர்வாகம் பார்க்கிற இடத்தை. அங்கேதான் மாமாவுக்கு வேலை. காலையில் கடுதாசிப் பையை சைக்கிளில் மாட்டிக்கொண்டு அரியாங்குப்பம் வழியாகப் புதுச்சேரிக்குப் போவார். பொழுது சாய வேறு பையோடு திரும்புவார். சைக்கிள் மேரியுடையது. மாமா அதைத் தன் சைக்கிள் என்றுதான் சொல்வார். ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் போட்டுத் துடைப்பார். எங்கள் யாருக்கும் அவர் அப்படித் தலை துவட்டியதில்லை.

ரோடு மோசம். கரும்பு வண்டி போய்ப் போய் மேடும் பள்ளமும். சைக்கிளின் கைப்பிடியில் இருந்த ரப்பர் தேய்ந்து உதிர்ந்து, வெறும் இரும்பு நின்றது. அதன் பிறகுதான் கை மரத்துப்போகிறது என்று மாமா சொன்னார். முதலில் வலது கைச் சுண்டு விரல். பிறகு பக்கத்து விரல்.

இரும்பு செய்கிற வேலை என்று அப்பா சொன்னார். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். இரும்பு வெயிலையும் பனியையும் குடித்து வைத்துக்கொண்டு, பிடிக்கிறவன் நரம்புக்குள் இறக்கிவிடும் என்று அத்தை விளக்கம் வேறு கொடுத்தாள். அத்தை சைக்கிளைத் தொட்டதுகூடக் கிடையாது.

இரண்டு தடவை பிடி நழுவி மாமா விழுந்தார். இரண்டாவது தடவை பையோடு வாய்க்காலில். கடுதாசி எல்லாம் நனைந்துவிட்டது. மேரியில் இருந்த பெரிய குமாஸ்தா, மாசக் கடைசி வரை பார்ப்பேன், இன்னொரு தடவை விழுந்தால் சைக்கிளை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டார். மாமாவுக்கு நிலம் கிடையாது. சைக்கிள் போனால் எங்கள் அப்பாவிடம் கூலிக்கு நாற்று நட வரவேண்டும். அதற்கு அவர் வரமாட்டார். ஊரை விட்டுத்தான் போவார். அது எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

கடையில் புது ரப்பர் வாங்கிப் போட்டுப் பார்த்தார். அது மெல்லிசு, இரும்பு அப்படியே இடிக்கிறது, மரமரப்பு போகவில்லை என்றார்.

நான் பிடி செய்து தருகிறேன் என்றேன். எனக்குக் கைவேலை வரும். பனங்காய் வண்டி செய்வேன். கோழிக்கூண்டுக்குக் கதவு வைத்தது நான்தான்.

"மாமனுக்குப் புடி பண்றாளாம். அப்படியே ஒரு தாலியும் பண்ணி அவன் கையில குடுத்துடு" என்றாள் அத்தை.

"போ அத்தே."

"ஏன்டி வெக்கப்படற? சைக்கிளு வச்சிருக்கற மாப்ள கெடைக்குமா?"

மாமா சிரித்தார். அப்பாவும் சிரித்தார். அது சும்மா பேச்சு இல்லை. ஐந்தாறு வருஷம் போனதும் என்னை மாமாவுக்குத்தான் கொடுப்பதாக இருந்தது.

முதல் பிடி தேங்காய் நாரில் செய்தேன். கயிறாகத் திரித்து நெருக்கமாகச் சுற்றினேன். இரண்டு நாள் ஓட்டினார். உள்ளங்கையில் தோல் வழன்றுவிட்டது. அதை அவர் சொல்லவில்லை. நான்தான் பார்த்துச் சொன்னேன்.

இரண்டாவது, பழைய வேட்டித் துணி. உள்ளே இலவம் பஞ்சு. சாயங்காலம் வந்தபோது துணியில் ரத்தம் இருந்தது.

"வலிக்கலையா மாமா?"

"இல்ல கண்ணு. உன் புடி அப்படி. வலியே தெரியல."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்து வீடுகளுக்கெல்லாம் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

ஆனாலும் பஞ்சு வியர்வையில் நனைந்து சுழன்றது. சுழன்றால் நழுவும். நழுவினால் வேலை போய்விடும். அதனால் யோசித்தேன். கைக்குத் தக்கபடி பிடி இருக்கவேண்டும். அதற்கு முதலில் கை எப்படிப் பிடிக்கிறது என்று தெரியவேண்டும். ஏரியிலிருந்து களிமண் கொண்டுவந்து பிசைந்து, வலது பக்கத்து இரும்பில் தடிமனாக அப்பினேன்.

"புடி மாமா. பையோட போற மாதிரி நெனச்சிக்கினு புடி."

பிடித்தார். எடுத்தார். மண்ணில் பெருவிரல் பள்ளம் இருந்தது. ஆள்காட்டி விரல், நடு விரல் இருந்தன. மற்ற இரண்டு விரலுக்கு நகம் கீறிய கோடு மட்டும்.

"அழுத்திப் புடி மாமா."

"அழுத்திதாம்மா புடிச்சேன்."

மறுபடி பிடித்தார். மறுபடியும் மூன்று பள்ளம்தான். அந்த இரண்டு விரலும் கோழிக்கால் மாதிரி மடங்கி, நீட்டச் சொன்னாலும் நீளவில்லை. மாமா மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தியா இரும்பு பண்ணின வேலையை, என்றார் அப்பா.

எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. அந்த இரண்டு விரலுக்கு எதிரே பிடியைப் பருமனாக்கவேண்டும், அவ்வளவுதான். மடங்கின விரல் தானாக அதில் போய் உட்காரும். நல்ல யோசனை. இப்போது நினைத்தாலும் நல்ல யோசனைதான்.

மேரியின் பின்பக்கத்தில் துரைமார் குடித்துப் போட்ட ஒயின் பாட்டில் குவிந்து கிடக்கும். அதன் தக்கைகளை மாமா பொறுக்கிக்கொண்டு வந்தார். தக்கைக்கு ஈடு கிடையாது. அழுத்தினால் இறங்கும், விட்டால் எழும்பும், தண்ணீர் குடிக்காது. அதை அரிவாள்மனையில் பிளந்து செதுக்கி, உள்பக்கம் மெல்லிசாகவும் வெளிப்பக்கம் பருமனாகவும் அடுக்கினேன். ஒட்டுவதற்குக் குங்கிலியம். படகுக்காரர்கள் இடுக்கு அடைக்க எண்ணெய் விட்டுக் காய்ச்சுவார்களே, அது. அரியாங்குப்பத்து ஆற்றுக்கரையில் கேட்டு வாங்கிவந்தார். குங்கிலியம் ஆறிய பிறகு மேலே பழைய டியூபை வாராகக் கிழித்துச் சுற்றிவிட்டால் முடிந்தது.

இடது பிடியை முதல் நாளே முடித்துவிட்டேன். வலது பிடி ஞாயிற்றுக்கிழமை, உச்சி வெயிலில். அத்தை ஓட்டுச்சில்லில் குங்கிலியத்தைக் காய்ச்சினாள். நான் குச்சியால் எடுத்துத் தடவித் தக்கையைப் பதித்தேன். மேலேயும் ஒரு பூச்சு தாராளமாகப் போட்டேன். என் விரலில் ஒரு சொட்டு பட்டுக் கொப்பளித்துவிட்டது. அழுதேன். அத்தை ஊதிவிட்டாள்.

"இன்னா மாப்ள, மேரிக்காரன் வண்டிக்கு வைத்தியமா? கூலி கேட்டு வாங்கு" என்று அப்பா மாமாவைக் கிண்டல் செய்துகொண்டிருந்தார்.

"நான் இன்னா கேக்கறது மாமா? உங்க பொண்ணு கேப்பா. மேர் தொரை நாற்காலியவே கேப்பா." அப்பாவை அவர் மாமா என்றுதான் கூப்பிடுவார்.

சைக்கிள் மாட்டுவண்டிச் சக்கரத்தில் சாய்ந்து நின்றது. குங்கிலியம் ஆறுவதற்குள் டியூபை எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று நான் திரும்பினேன். என் பாவாடை பெடலில் மாட்டி இழுத்தது. சைக்கிள் சரிந்தது. மாமா ஓரெட்டில் தாவி, வலது பிடியைப் பிடித்து நிறுத்தினார்.

பிடித்தவர் விடவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

"அடடா" என்றார். "இன்னா சொகமா கீது. மாமா, இங்க வந்து பாருங்களேன். மெத்து மெத்துனு. கையில ஒண்ணப் புடிச்சிக்கினு கீறேன்னே தெரியல."

நான் சிரித்தேன். அப்பா எழுந்து வந்தார்.

"இன்னாடி கருகுது?" என்றாள் அத்தை. அடுப்பைப் பார்த்தாள். என் பாவாடைக் கரையை இழுத்துப் பார்த்தாள். "ஏய், உள்ள கொழம்பு தீயுதா பாரு" என்று அம்மாவுக்குக் குரல் கொடுத்தாள்.

"கொழம்பு வைக்கவே இல்ல" என்று அம்மா உள்ளிருந்து சொன்னாள்.

ஆட்டுத் தலையை நெருப்பில் வாட்டுகிற வாடை அடித்தது. எங்கள் வீட்டில் அன்று கறி இல்லை. நாங்கள் மூன்று பேரும் சுற்றிலும் தேடினோம். மாமாவும் தேடினார். வலது கையால் சைக்கிளைப் பிடித்தபடியே, கழுத்தைத் திருப்பித் திருப்பித் தேடினார்.

அந்தக் கையின் விரல் இடுக்கில் குங்கிலியம் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. புகை மெல்லிசாக வந்தது. அதைப் பார்த்தது நான்தான்.

கையை நீட்டிக் காட்டினேன்.

அப்பா பார்த்தார். அத்தை பார்த்தாள். கடைசியாக மாமா பார்த்தார். யாரோ வேற்று ஆளின் கையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு இழுத்தார். கை வந்தது. தோல் பிடியிலேயே இருந்துவிட்டது.

"இது எப்போ?" என்றார்.

அவ்வளவுதான் கேட்டார். கத்தவில்லை. கத்துவதற்கு அவருக்கு ஒன்றும் இல்லை.

"சுடலியாடா?" என்றார் அப்பா.

"இன்னா சுடுது?"

அப்பா ஓர் அடி பின்னால் போனார். பாம்பைக் கண்டாலும் முன்னால் போகிற மனுஷன். அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டிவிட்டாள்.

அம்மா வெளியே வந்தாள். கையில் துடைப்பம் இருந்தது. தம்பி கையைப் பார்த்தாள். தரையில் கிடந்த களிமண்ணைப் பார்த்தாள். துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்கை உருவினாள்.

"கண்ண மூடுடா."

"இன்னாக்கா?"

"மூடு."

மூடினார். வேகாத பக்கம், புறங்கையில், சுண்டு விரலோரம் ஈர்க்கின் முனையை வைத்து அழுத்தினாள்.

"தொட்டா சொல்லு."

"சரி."

இன்னும் அழுத்தினாள். ஈர்க்கு வளைந்தது. ரத்தம் பொட்டாக வந்தது. மேலே மணிக்கட்டுக்குப் போனாள். அங்கேயும் அழுத்தினாள்.

"தொடேன்க்கா. எவ்ளோ நேரம் கண்ண மூடிக்கினு நிக்கிறது?"

ஈர்க்கு உடைந்தது. அம்மா அதைக் கீழே போட்டாள். "கண்ணத் தொற" என்று அவள் சொல்லவில்லை. மாமா தானாகத்தான் திறந்தார். எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது. எனக்கு மட்டும்தான் தெரியவில்லை.

அந்த வியாதியின் பேரை எங்கள் வீட்டில் அன்றும் யாரும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். பெருவியாதி. குஷ்டம். இரும்பு ஒரு பாவமும் செய்யவில்லை.

மாமா அன்றைக்கே சைக்கிளை மேரியில் விட்டுவிட்டுப் போனார். இடது கையால் தள்ளிக்கொண்டு நடந்தே போனார். அப்படிப்பட்டவர்களை வைத்துப் பார்க்கிற இடம் புதுச்சேரியில் ஒன்று இருந்தது. அங்கே இருக்கிறார் என்று பிறகு கேள்வி. அப்பா மட்டும் போய்ப் பார்த்துவருவார். எனக்கு வேறு இடத்தில் மாப்பிள்ளை பார்த்தார்கள்.

நான்தான் மாமா கையைப் பொசுக்கிவிட்டேன், அதனால்தான் அவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்றுதான் கல்யாணம் ஆகும் வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன். நினைக்கக் காரணம் இருந்தது. ஈர்க்கு உடைந்ததும் அம்மா என்னைத் தலைமயிரைப் பிடித்துத்தான் கிணற்றடிக்கு இழுத்துப் போனாள். சாம்பலை அள்ளி என் கையில் தேய்த்தாள். குங்கிலியம் போகவில்லை. செங்கல் துண்டால் தேய்த்தாள். கொப்புளம் உடைந்தது. கத்தினேன்.

"என்ன ஏம்மா கழுவற? மாமாவுக்குத்தான் வெந்து போச்சி. மாமாவக் கழுவும்மா."

தண்ணீர் சேந்தி என் தலையில் ஊற்றினாள். மறுபடி சேந்தினாள். அழுதுகொண்டே ஊற்றினாள்.

மாமா கிணற்றடி வரை வந்துவிட்டார். வேலிக்கு அந்தப்புறமே நின்றார்.

"அக்கா, அவ மேல தப்பு இல்ல. அடிக்காதே" என்றார். அம்மா திரும்பவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்து, "எனக்கும் ஒரு கொடம் ஊத்துக்கா" என்று கையை நீட்டினார்.

அம்மா குடத்தோடு அப்படியே நின்றாள். பிறகு அதையும் என் மேல் கொட்டினாள்.

தண்டனை என்றுதான் நினைத்தேன். எப்போது முடியும் என்று தெரிந்துகொள்ள எண்ண ஆரம்பித்தேன். தண்ணீர் கண்ணை மறைத்தது. நடுவில் ஒரு தடவை துடைத்துக்கொண்டு பார்த்தபோது வேலிக்கு அந்தப்புறம் யாரும் இல்லை. அம்மாவுக்கு மூச்சு இரைத்தது. கயிறு கையிலிருந்து நழுவியது, மறுபடி பிடித்து இழுத்தாள். விடவில்லை. கடைசிக் குடம் கலங்கலாக வந்தது.

பத்தொன்பது குடம்.