என் பிளேட் வழுக்கியது என்றார்கள்

எனக்கு எழுபத்தெட்டு வயது. என் வயிற்றில் பிறந்தது மூன்று, கொழுந்தனார் விட்டுப்போனது இரண்டு, ஆக ஐந்து பேரை வளர்த்து ஆளாக்கினேன். எனக்குத் தெரிந்த எழுத்து கையெழுத்தும் பஸ் போர்டும்தான். நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். நடந்து இத்தனை வருஷம் ஆகியும் இதைச் சொல்ல ஆரம்பித்தால் எனக்குக் காது சூடாகிவிடுகிறது. அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் கோயமுத்தூர் கணபதியில் எங்களுக்கு ஒரு பட்டறை இருந்தது. லாரிகளுக்கும் வேன்களுக்கும் கிளட்ச் பிளேட்டில் புது லைனிங் வைத்துக் கொடுப்போம். டிரைவர் கிளட்சை மிதித்து விடும்போது இன்ஜினின் சுற்றைக் கவ்விப் பிடித்துச் சக்கரத்துக்கு அனுப்புவது அந்த வட்டமான பிளேட்தான். அதன் இரண்டு முகத்திலும் இருக்கும் சொரசொரப்பான உறைதான் லைனிங், அது தேய்ந்தால் வண்டி வழுக்கும். இன்ஜின் கத்தும், வண்டி நகராது. பழைய லைனிங்கைக் கழற்றிப் புதிதை வைத்து ரிவெட் ஆணி அடிக்க வேண்டும். வீட்டுக்காரர் இருந்தபோதே ரிவெட் அடித்தது நான்தான். அவர் போன பிறகு பட்டறையையும் நானே நடத்தினேன். ஒவ்வொரு ரிவெட்டின் தலையும் லைனிங்குக்குள் இறங்கியிருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்க்காமல் ஒரு பிளேட்டையும் வெளியே விட்டதில்லை.

ஒரு புரட்டாசியில் ஒரு மில்காரர் வீட்டுப் பையன் வந்தான். இருபத்தைந்து வயது இருக்கும், மரியாதையான பிள்ளை. காரை ரேசுக்குத் தயார் செய்துகொண்டிருந்தான். கூடவே, இன்ஜினை முடுக்கிக் கொடுப்பதற்காக மெட்ராசிலிருந்து வரவழைத்த ஒருவர். அவரை டியூனர் என்றார்கள்.

"ஏனுங்கம்மா, எங்க மில் லாரிக்கெல்லாம் நீங்கதான் பிளேட் போடறீங்க. இந்தக் காருக்கு ஒத்தைப் பிளேட் போதுங்களா, இல்ல ரெட்டைப் பிளேட் போட்டாத்தான் தாங்குங்களா?" என்று கேட்டான் பையன்.

அதைச் சொல்ல எனக்குச் சில விவரம் வேண்டியிருந்தது. எந்த மாதிரி ரேஸ், இன்ஜினில் எவ்வளவு இழுவை கூட்டியிருக்கிறது, மற்ற நாளில் கார் என்ன செய்கிறது என்று கேட்டேன். மண் பாதை, நின்று நின்று கிளம்புகிற ரேஸ், மற்ற நாளில் அதே காரில்தான் மில்லுக்குப் போய்வருகிறேன் என்றான்.

ரெட்டைப் பிளேட் கெட்டது என்று நான் சொல்லவில்லை. இரண்டு பிளேட், நடுவில் ஒரு இரும்புத் தகடு, உராயும் முகம் நாலு. பெரிய இழுவை உள்ள இன்ஜினை அதுதான் பிடித்து நிறுத்தும். ஆனால் கவ்வினால் ஒரேயடியாகக் கவ்வும். பாதி மிதித்துப் பாதி விட்டு மெல்லக் கிளப்ப முடியாது. மண்ணில் அப்படிக் கவ்வினால் சக்கரம் சும்மா சுற்றும். காந்திபுரம் நெரிசலில் நடுத் தகடு சூடேறி ஒட்டிக்கொள்ளும். தேய்ந்தால் புதுசு வெளிநாட்டிலிருந்து வரும்வரை காரைப் போர்த்தி வைக்க வேண்டியதுதான். "உங்க இன்ஜினுக்கு ஒத்தைப் பிளேட்டே போதுங்க தம்பி. மேல அழுத்தற ஸ்பிரிங்கை மட்டும் கெட்டியா மாத்திப்போடுங்க" என்றேன்.

டியூனர் சிரித்தார். "லாரிக்கு ஆணி அடிக்கிற ஆயாவாண்ட போய் ரேஸ் கார் யோசனை கேக்குறியேப்பா!"

எனக்கு அப்போது ஐம்பத்திரண்டு. ஆயாவாம்! அந்த ஆளுக்கு என்னைவிட நாலு வயது குறைந்திருந்தால் அதிகம். தலையில் பாதி மயிர் இல்லை.

பையன், முதலில் ஒத்தைப் பிளேட்டைப் போட்டுப் பார்ப்போம், சரிவராவிட்டால் ரெட்டைக்குச் சொல்லிவிடலாம் என்றான். ஆயுத பூசைக்கு இரண்டு நாள் முன்பு பிளேட்டை முடித்தேன். வாங்க வந்ததும் டியூனர்தான். "தாங்குமா ஆயா?" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. பிளேட்டை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

பூசை முடிந்த மூன்றாம் நாள் காரை ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். இன்ஜின் கத்தியிருக்கிறது, கார் ஊர்ந்திருக்கிறது, புகை கிளம்பியிருக்கிறது. பிளேட் வழுக்கிவிட்டது.

இது எனக்கு எப்படித் தெரியும்? என்னிடம் யாரும் வந்து சொல்லவில்லை. எங்களிடம் பதினைந்து வருஷமாக வேலை கொடுத்த ஒரு லாரிக்காரர் வந்து, "அம்மா, அந்த ரெண்டு பிளேட்டையும் அப்படியே குடுத்துப்போடுங்க, வேற பக்கம் பாத்துக்கறேன்" என்றார். ஏன் என்று கேட்டால் தரையைப் பார்க்கிறார். கடைசியில், "ரேஸ் காருக்கு நீங்க போட்ட பிளேட் வழுக்கிப்போச்சுங்களாம். உங்களுக்குக் கை தளந்துபோச்சுன்னு அந்த மெட்ராஸ்காரர் சொல்லீட்டுத் திரியறாருங்க" என்றார். சாயந்தரத்துக்குள் இன்னொருவரும் வந்து எடுத்துப் போனார். ஐந்து பிள்ளைகளையும் அந்தக் கையை வைத்துத்தான் வளர்த்தேன். பட்டறையில் கம்ப்ரசர் பழசு, டிரில்லிங் மிஷின் பழசு. பேர் ஒன்றுதான் முதல். அதைப் பிளேட்டைக் கழற்றிக்கூடக் காட்டாமல் ஒரு ஆள் வாயால் அழித்துவிட்டார்.

அன்றிரவே பஸ்ஸுக்குக் காசை எடுத்து வைத்துக்கொண்டேன். காலையில் உக்கடம் போய்ப் பொள்ளாச்சி பஸ் ஏறினேன். அந்த ரோட்டில் ஊர் தாண்டி, ரேஸ் கார் ஓட்டிப் பழகும் ஒரு மண் ஓடுதளம் இருந்தது. கார் அங்கேதான் நிற்கிறது என்று கேள்வி. பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெண் ஆனைமலை மாசாணியம்மன் கோவிலுக்குப் போய்க்கொண்டிருந்தாள். அநியாயம் செய்தவர்களுக்குத் தண்டனை கேட்டு அங்கே மிளகாய் அரைத்துப் பூசுவார்கள். நானும் அப்படியே போய் அந்த டியூனர் பேரைச் சொல்லி ஒரு கை மிளகாய் அரைத்துவிட்டு வந்தால் என்ன என்று தோன்றியது. பேர்கூடத் தெரியாதே, வழுக்கைத்தலை என்று சொன்னால் அம்மனுக்குப் புரியாதா என்றெல்லாம் நினைத்தேன். பிறகு, முதலில் பிளேட்டைப் பார்ப்போம் என்று ஓடுதளத்திலேயே இறங்கிவிட்டேன்.

காருக்கு அடியில் படுத்திருந்த டியூனர் என் சேலையைப் பார்த்ததும் வெளியே வந்தார். "என் பிளேட் எங்கீங்க?" என்றேன். பழைய இரும்புக் குவியலைக் கைகாட்டினார். எடுத்துக்கூடக் கொடுக்கவில்லை. நானே கிளறி எடுத்தேன்.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ரிவெட் ஒன்றுகூட அசையவில்லை. லைனிங் கருகியிருந்தது. கியர்பாக்சிலிருந்து எண்ணெய் கசிந்திருந்தால் நடுவிலிருந்து ஓரத்துக்குக் கோடு கோடாகத் தெறித்திருக்கும். இதில் அப்படி இல்லை. வட்டத்தைச் சுற்றி விரல் அகலத்தில் கருப்புப் புள்ளிகள், சம இடைவெளியில். திருப்பினேன். அந்தப் பக்கமும் அதே மாதிரி. மூக்கருகே கொண்டுபோனேன். கருகின வாடையோடு விளக்கெண்ணெய் வாடை.

எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் ஊரில் ஆயுத பூசை என்றால் கத்தரிக்கோலிலிருந்து கடைசல் இயந்திரம் வரை பொட்டில்லாமல் எதுவும் தப்பாது. இரும்பில் உதிராமல் நிற்கட்டும் என்று சில வீடுகளில் குங்குமத்தை விளக்கெண்ணெயில் குழைப்பார்கள்.

"தம்பி, இதைப் பூசையில வெச்சீங்களா?"

பக்கத்தில் நின்ற பையன் நெருங்கி வந்து பிளேட்டைப் பார்த்தான். "ஆமாங்கம்மா. புதுச் சாமானுன்னு எங்கம்மாதான் சுத்தியும் பொட்டு வெச்சாங்க."

உடனே டியூனர், "நான் துணியில தொடச்சிட்டுத்தான் மாட்டினேன்" என்றார்.

துணியில் துடைத்தாராம்! லைனிங் எண்ணெயைக் குடித்துவிடும், ஒரு சொட்டுப் பட்டாலும் வேறு லைனிங்தான் வைக்க வேண்டும் என்பது எங்கள் பட்டறையில் கூட்டிப் பெருக்குகிறவளுக்கும் தெரியும். எண்ணெய் பட்டதைத் தன் கையாலேயே துடைத்து மாட்டிவிட்டு, வழுக்கினதும் என் கையைச் சொல்லியிருக்கிறார். அங்கே எட்டுப் பத்து ஆண்கள் சுற்றி நின்றார்கள். "ஏனுங்க, துடைச்சீங்களே, எதைத் துடைச்சீங்கன்னு மோந்து பாத்தீங்களா? நானாயிருந்தா பாத்திருப்பேன். ஆயாதானுங்களே!" என்றேன். யாரோ ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார்.

அன்றைக்கே திரும்பி வந்து புது லைனிங் வைத்தேன். மறுநாள் என் கண் முன்னால்தான் மாட்ட வேண்டும் என்று நின்றேன். பையன் ஏறி உட்கார்ந்து கிளட்சை விட்டான். கார் மண்ணைக் கிளப்பிக்கொண்டு வழுக்காமல் பறந்தது. ரெட்டைப் பிளேட்டுக்கு அப்புறம் அவன் சொல்லவே இல்லை. டியூனர், "இப்ப ஓகே" என்றார். அவ்வளவுதான். மன்னிப்பு என்று ஒரு சொல் அந்த வாயிலிருந்து வரவில்லை, இன்றுவரை வரவில்லை.

மன்னிப்புக் கேட்டு வந்தவர் வேறொருவர். அந்த வாரமே பையனின் தாயார், மில்காரம்மா, பட்டறைக்கு வந்தார். ஐந்தாறு லாரிக்காரர்கள் இருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் வந்திருக்கிறார். நாற்காலி போட்டேன், உட்காரவில்லை. எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "பொட்டு வெச்சு அந்தப் பிளேட்டைக் கெடுத்தது நானுங்க. இந்தம்மா வேலையில ஒரு குத்தமும் இல்லீங்க" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "எண்ணெய் படக்கூடாதுன்னு ஒரு வார்த்தை சொல்லி உட்டிருந்தா வெச்சிருக்க மாட்டனுங்க அம்மணி" என்றார் மெதுவாக.

எனக்குச் சுருக்கென்றது. பிளேட் வாங்குகிற ஒவ்வொருவரிடமும், லைனிங்கில் எண்ணெய்க்கை படக்கூடாது என்று சொல்லித்தான் கொடுப்பேன். அன்றைக்கு மட்டும் ஆயா என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு சொல்லாமல் உள்ளே போய்விட்டேன். அன்று மிளகாய் அரைத்திருந்தால், அதில் பாதியை அம்மன் என் மேலேயே பூசியிருப்பாள்.

எடுத்துப் போன பிளேட்டுகள் ஒரு மாதத்தில் திரும்பி வந்தன. டியூனர் மேல் எனக்கு இருக்கிற கோபம் இன்னும் ஆறவில்லை, ஆற்றவும் நான் முயலவில்லை. ஆனால் அதற்குப் பிறகு, எவ்வளவு எரிச்சல் வந்தாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் ஒரு பிளேட்டையும் நான் யார் கையிலும் கொடுத்ததில்லை.

போதும் கண்ணு, பேனாவை வெச்சுப்போட்டு மொதல்ல இருந்து ஒருக்காப் படிச்சுக் காட்டு. அந்த வழுக்கைத்தலையைச் சொன்ன எடத்துல எதையாச்சும் நீயா நாசூக்கா மாத்தியிருக்கறயான்னு பாக்கோணும்.