வளைகாப்புக்குக் கறுப்பு

எங்கள் வழக்கத்தில் வளைகாப்புக்குக் கறுப்புப் புடவை. அது பிறந்த வீட்டின் பொறுப்பு, பிரசவம் பார்ப்பதும் அப்படித்தான். அம்மா போய்விட்டதால் இரண்டும் என் தலையில். தங்கை கேட்டது ஒன்றே ஒன்று: அம்மாவின் சந்தன நிறப் பருத்திப் புடவையைக் கறுப்பாக்கித் தர வேண்டும். வீட்டிலேயே துணிக்குச் சாயம் போடும் கிறுக்கு எனக்கு உண்டு. பெருமையாகத் தலையாட்டிவிட்டேன்.

இருக்கிற நிறங்களில் ரொம்பப் படுத்துவது கறுப்புதான். உப்பு போட்டால் சாயம் பருத்தியிடம் நெருங்கும். சலவை சோடா விழுந்ததும் நூலோடு சேர்ந்துவிடும், பிறகு பிரியாது. ஆனால் ஒரு பங்கு சாயம் நூலை விட்டுவிட்டுத் தண்ணீரோடு சேர்ந்துகொண்டு, துணிக்குள் சும்மா தங்கிவிடும். அந்த மிச்சம் வெளியேற வாளி வாளியாக அலச வேண்டும். வேறு வழி கிடையாது.

விசேஷத்துக்கு முதல் நாள், இரண்டாவது வாளியிலேயே எங்கள் மயிலாப்பூர் ஃப்ளாட்டில் குழாய் நின்றது. கீழே சம்ப் தொட்டியும் காலி. சாயங்காலம் லாரி வரும் என்றார் வாட்ச்மேன். வரவில்லை. குடிக்க வைத்திருந்த கேன் தண்ணீரையும் ஊற்றினேன்; அதுவும் மை மாதிரி ஓடியது. ஆத்திரத்தில் குழாயை ஓர் அடி அடித்தேன். கை வலித்ததுதான் மிச்சம்.

கடையில் வேறு வாங்கிவிடலாம் என்று தங்கையிடம் போனில் கெஞ்சினேன்.

"அம்மா கையால எனக்கு வேற என்னக்கா வரப்போறது? அதையே கொண்டா, கட்டிக்கறேன்," என்றாள்.

தி.நகர் மண்டபத்தில் ஒரே புழுக்கம். வளையல் அடுக்கி முடிப்பதற்குள் வியர்வையில் சாயம் இறங்கிவிட்டது. இடுப்பு, வயிறு எல்லாம் கறுப்பு. அவள் மாமியார் கோபப்படவில்லை, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. குழந்தைக்கு ஆகாது என்று மெதுவாகச் சொல்லி, ஈரத்துண்டால் துடைத்து, அவளை அறைக்குக் கூட்டிப்போனார். தங்கை என்னைத் திரும்பிப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் அரக்குப் பட்டில் வெளியே வந்தாள்.

மறுநாள் தண்ணீர் வந்தது. அலசினேன், அலசினேன், கடைசியில் தெளிந்தது. வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பார்த்தேன், துளிகூட ஒட்டவில்லை. இனி எத்தனை துவைத்தாலும் போகாது. உடனே அவளுக்குப் போன் செய்தேன்.

"பரவால்லக்கா, நீயே வெச்சுக்கோ," என்றாள். பிறகு, பிரசவத்துக்கு மாமியார் ஆத்துலேயே இருந்துடறேன் என்றாள்.