நேர்த்திச் சேவலும் சொல்லாமல் விட்ட பாதியும்

எஹலியகொடைக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலை, றப்பர்த் தோட்டத்தில் பிறந்து, கல்லூரியில் விலங்கியல் படித்துத் திரும்பிய முதல் ஆள் நான். விஞ்ஞான ஆசிரியனாகவும் பின்னர் பாடசாலை அதிபராகவும் இருந்து ஓய்வுபெற்றேன். கோயில் கமிட்டியின் தலைவர் பதவியை நான் கேட்டுப் பெறவில்லை. வீடு தேடி வந்து கொடுத்தார்கள். என் சொல்லை மறுத்துப் பேசும் வழக்கம் அங்கே எவருக்கும் இருந்ததில்லை. பெருமைக்காக இதை எழுதவில்லை. பின்னால் நடந்தவற்றுக்கு இதுவே காரணம்.

சேவல் பலியிடும் முனியாண்டி பூசை நெருங்கிய வேளையில், தொழிலாளர் வரிசை வீடுகளான கீழ் லயத்தின் கோழிகள் தலையைத் தொங்கவிட்டுத் தூங்கி விழத் தொடங்கின. தொலைக்காட்சியில் வெளிநாடுகளின் பறவைக் காய்ச்சல் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. கமிட்டிக் கூட்டத்தில் செயலாளர் எழுந்தார். ஆட்டோ ஓட்டுபவர், என் பழைய மாணவர்.

"சேர், நம்ம கோழிக்கும் அதுதான்னா என்னாங்க செய்றது? பூசைய தள்ளிப் போட்டுருவமா?"

நான் விளக்கினேன். வைரஸ் உடலுக்குள் நுழைய வேண்டுமானால் முதலில் உயிரணுவின், அதாவது கலத்தின், மேற்பரப்பில் ஒட்ட வேண்டும். அங்கே நீட்டிக்கொண்டிருக்கும் சர்க்கரை மூலக்கூறுச் சங்கிலிகளின் நுனியில் சியாலிக் அமிலம் உண்டு. வைரஸின் மேலுள்ள புரதம் அதைத்தான் பற்றும். பறவையின் கலங்களில் அந்த அமிலம் பொருந்தியிருக்கும் விதம் ஒன்று. மனிதனின் மூக்கிலும் தொண்டையிலும் பெரும்பாலும் வேறொன்று.

"றப்பர் மரத்துல பால் வடியுற சிரட்டையத் தாங்குற கம்பி வேற மாதிரி வளைஞ்சிருந்தா சிரட்டை நிக்குமா? அந்த மாதிரிதான். பறவை வைரஸ் நம்ம தொண்டையில லேசுல பிடிக்காது," என்றேன்.

"அப்ப காய்ச்சல் கோழிக்கு, கறி நமக்கு," என்றார் பின்வரிசையிலிருந்த பூசாரி. கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன்.

விளக்கத்தின் மறுபாதி என் நாவில் இருந்தது. நுரையீரலின் ஆழத்தில், காற்றுப்பைகளின் ஓரத்தில், மனிதனுக்கும் பறவைக்குரிய அதே பொருத்தம் இருக்கிறது, கண்ணிலும் இருக்கிறது. நோயுற்ற பறவையை நெருங்கி ஆழமாக மூச்சிழுப்பவருக்கு வைரஸ் அங்கே போய்ச் சேரலாம். அரிது, சேர்ந்தால் கொடிது. அதைச் சொல்லியிருந்தால் பூசை நின்றிருக்கும். என் தலைமையில் பூசை நின்றது என்ற பேச்சு எனக்கு வேண்டியிருக்கவில்லை.

பூசையன்று கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தி, மகளின் பிரசவத்துக்காக நேர்ந்து வளர்த்த சேவலைக் கொண்டுவந்தாள். மஞ்சள் தண்ணீர் தெளித்ததும் சேவல் உடம்பைச் சிலிர்க்க வேண்டும். அப்போதுதான் சாமி ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். சிலிர்க்காததை வெட்டுவதில்லை. அதுவோ அவள் கையில் கண் செருகிக் கிடந்தது. பூசாரி மறுபடி மறுபடி தெளித்தார்.

"என்னா புள்ள, சாமிக்குப் போயி தூங்குமூஞ்சியக் கொண்டாந்திருக்க?" என்று பக்கத்தில் நின்ற ஒருத்தி கேட்டாள்.

கொண்டுவந்தவள் சேவலின் அலகைப் பிரித்தாள். வாய் வைத்துச் சளியை உறிஞ்சித் துப்பினாள். பிறகு மூச்சை இழுத்து இழுத்து உள்ளே ஊதினாள். சேவல் சிலிர்த்தது. குலவை எழுந்தது. நான் கைக்கெட்டும் தூரத்தில், தலைவருக்குரிய மாலையுடன் நின்றிருந்தேன். வேண்டாம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

சில நாட்களில் அவளுக்குக் காய்ச்சலும் இருமலும் என்று கேள்விப்பட்டு லயத்துக்குப் போனேன். சுவரோடு சாய்ந்திருந்தவள் எழ முயன்றாள்.

"ஒக்காருங்க சேர். சளிதாங்க, வேறொண்ணுமில்ல. ஊதும்போது கொஞ்சம் பயமாத்தான் இருந்திச்சி. தொண்டையில புடிக்காதுன்னு கமிட்டியில நீங்க சொன்னீங்களாமே, அந்தத் தைரியத்துலதான் ஊதுனேன்."

இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது. செயலாளரின் ஆட்டோவை வரவழைத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றேன். சேவலின் கதையைச் சிங்களத்தில் வைத்தியரிடம் முழுமையாகச் சொன்னேன். கமிட்டியில் நான் பேசியதை மட்டும் விட்டுவிட்டேன். அவளைத் தனி அறையில் வைத்தார்கள். பச்சைக் குழந்தையுடன் வந்த மகளை உள்ளே விடவில்லை.

"அம்மாவுக்கு என்னாங்க சேர்? நீங்க படிச்சவங்க, சொல்லுங்க."

பார்ப்போம் என்று மட்டும் சொன்னேன். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

பரிசோதனை முடிவு வந்தது. அவளுக்கு வந்தது சாதாரண நியூமோனியா. தோட்டத்துக்கு வந்து பார்த்த மிருக வைத்தியர், கோழிகளுக்கு வந்தது மனிதருக்கு ஆபத்தில்லாத ராணிக்கெட் நோய் என்றார். அவள் குணமாகி மீண்டும் கொழுந்து பறிக்க மலைக்குப் போகிறாள். வழியில் கண்டால் நின்று கும்பிடுகிறாள். நான் வேறு பாதையால் நடக்கப் பழகிவிட்டேன்.

அதன் பிறகு நடந்த பொதுக்கூட்டத்தில் செயலாளர் நன்றியுரை சொன்னார். "நம்ம சேருக்கு அது ராணிக்கெட்டுன்னு அன்னைக்கே தெரியும். அதனாலதான் பயப்படாம பூசைய நடத்தச் சொன்னாரு." கைதட்டினார்கள். இப்போது பக்கத்துத் தோட்டங்களிலும் அப்படியே சொல்கிறார்கள்.

அது தவறு. கோழிகளுக்கு என்ன நோய் என்று எனக்குத் தெரியாது. நுரையீரலைப் பற்றித் தெரியும். அதை நான் சொல்லவில்லை.