இருட்டில் சொல்லி முடித்த விண்வெளிப் போர்

எழுபதுகளின் கடைசியில் நடந்தது இது. திருகோணமலையில், ஓர்ஸ் ஹில் பக்கம் இருந்த ஒரு மண்டபத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், இருநூறு பேர் வரை இருந்த கூட்டத்தை நான் ஒரே சொல்லால் எழுப்பி ஓட வைத்தேன். வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் செய்தது நான்தான்.

அப்போது எனக்கு நாற்பது வயது இருக்கும். ஒரு பெண்கள் பாடசாலையில் சரித்திரம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் உலகப்போர் என்று கரும்பலகையில் எழுதினாலே பிள்ளைகளுக்குக் கொட்டாவி வந்துவிடும். எங்கள் துறைமுகத்துக்கு மேலேயே ஜப்பான் விமானங்கள் வந்து குண்டு போட்டன, சீனக்குடாவில் எண்ணெய்த் தாங்கி நாள்கணக்காக எரிந்தது என்று சொன்னால்கூட, "அது பரீட்சைக்கு வருமா மிஸ்?" என்றுதான் கேட்பார்கள்.

அதே பிள்ளைகள் அந்த நாட்களில் விண்வெளிப் போர்ப் படம் என்றால் உயிரை விடுவார்கள். எங்கள் விஞ்ஞான ஆசிரியர் கொழும்பில் தன் சொந்தக்காரர் ஒருவரிடமிருந்து அப்படி ஓர் ஆங்கிலப் படத்தின் சுருளையும் சின்னப் புறொஜெக்டர் ஒன்றையும் இரவலாகக் கொண்டுவந்தார். வெள்ளிக்கிழமை பாடசாலை முடிந்த பிறகு எனக்குப் போட்டுக் காட்டினார். பத்து நிமிடம்கூட ஓடவில்லை, நான் கதிரை நுனிக்கு வந்துவிட்டேன்.

"இது எங்கட போர்தான் சேர்!" என்றேன்.

உண்மையாகவே அப்படித்தான் இருந்தது. பெரிய கப்பலின் வயிற்றிலிருந்து சின்னச் சின்ன ஓடங்கள் பறந்து வந்தன. விமானந்தாங்கிக் கப்பலைத்தான் ஆகாயத்தில் மிதக்கவிட்டிருந்தார்கள். மூன்று மூன்றாக அணி பிரித்து, சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு கீழே பாய்ந்தன. முதலில் எரிந்தது எதிரியின் எரிபொருள் கிடங்கு. எனக்குச் சீனக்குடா கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. அந்தப் படத்தை எடுத்தவர் பழைய போர்க் காட்சிகளைப் பார்த்துப் பார்த்தே எடுத்திருக்க வேண்டும் என்று அடித்துச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமையே படத்தைப் பொதுவில் காட்டுவது, முடிந்ததும் விண்வெளிப் போரும் உண்மைப் போரும் எங்கே ஒத்துப்போகின்றன என்று நான் அரைமணி நேரம் பேசுவது என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தேன்.

படம் ஆங்கிலம், சனத்துக்கு விளங்காதே என்றார் விஞ்ஞான ஆசிரியர். "நான் மைக்கில தமிழில சொல்லுறன்" என்றேன். பாடசாலை நாடகங்களில் திரைக்குப் பின்னால் இருந்து கதை சொல்லுவது எப்போதும் நான்தான். என் குரலில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

மண்டபத்தை ஒழுங்கு செய்ததும் நான்தான். பட்டப்பகல் வெளிச்சம் உள்ளே வரக்கூடாது என்று யன்னல்களுக்கெல்லாம் கறுப்புச் சீலை அடிக்க வைத்தேன். பக்கத்துக் கதவு இரண்டையும் பூட்டச் சொன்னேன். மிச்சம் இருந்தது முன்கதவு ஒன்று. அது உள்பக்கமாக இழுத்துத் திறக்கிற கதவு. அதைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. ஒலிபெருக்கி கொண்டுவந்த ஆள் மட்டும், "கரண்டை நம்பேலாது ரீச்சர், நான் மைக்கைக் கார் பற்றறியில போடுறன்" என்றார். நல்ல யோசனை என்று பாராட்டினேன்.

நினைத்ததை விடச் சனம் வந்தது. பிள்ளைகள், தாய் தகப்பன்மார், கிண்ணியாவிலிருந்து சில குடும்பங்கள். எழுபத்தேழில் தமிழரைத் தாக்கிய கலவரத்துக்குப் பிறகு மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்து எங்கள் ஊரில் குடியேறிய சிலரும் வந்திருந்தார்கள். குந்த வாங்குப் பலகை போதாமல் பாதிப்பேர் நிலத்தில் பாய் விரித்து இருந்தார்கள்.

படம் தொடங்கியது. முதல் ஐந்து நிமிடத்திலேயே கூட்டம் என் கையில். நான் குரலைத் தாழ்த்தினால் மூச்சுச் சத்தம் கேட்கவில்லை. உயர்த்தினால் பிள்ளைகள் வாங்கைத் தட்டினார்கள். எனக்கும் ஏறிவிட்டது. ஒரு கிரகத்தில் வெள்ளி நிற உடுப்புப் போட்ட சனங்கள் வாழும் ஒரு சின்ன நகரத்துக்கு மேல் எதிரி ஓடங்கள் வருகிற கட்டம். முகத்துக்குக் கிட்ட மைக்கைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

"வருகினம்! அந்தா வருகினம்! குண்டு போடப் போகினம்! எல்லாரும் ஓடுங்கோ! வெளியில ஓடுங்கோ!"

அந்தக் கணத்தில் கரண்ட் நின்றது.

திரை கறுத்ததை நான் படத்தின் ஒரு பகுதி என்றே நினைத்தேன். குண்டு விழுந்து எல்லாம் இருண்டுவிட்டதாக்கும் என்று இன்னும் உரத்துச் சொன்னேன். "விழுந்திட்டுது! ஓடுங்கோ! ஓடுங்கோ!" புறொஜெக்டர் நின்றுவிட்டது, காற்றாடி நின்றுவிட்டது, என் குரல் மட்டும் பற்றறியில் முழங்கிக்கொண்டிருந்தது. பின்பக்கம் ஒரு வாங்கு கவிழ்ந்து படார் என்றது. யாரோ ஒரு பெண் வீரிட்டாள். அதன்பிறகு மண்டபம் முழுக்க எழும்பி ஓடுகிற சத்தம்.

எல்லோரும் முன்கதவுக்குத்தான் போனார்கள். முன்னால் போனவர்கள் கதவை உள்ளே இழுக்க வேண்டும். பின்னால் வந்தவர்களின் நெருக்கத்தில் கதவு இன்னும் இறுகியது. "கதவு திறக்குதில்லை!" என்று ஒரு குரல். அது போதும், மற்றவர்களும் நெருக்கினார்கள். அழுகிற பிள்ளைகளின் குரல் கேட்டது. அவர்களில் என் மாணவிகள் எத்தனை பேரோ.

இது படம், பயப்படாதீங்கோ என்று நான் ஒரு வரி சொல்லியிருக்கலாம். கையில் மைக் இருந்தது. ஆனால் சொல்லவில்லை. அப்படி நான் வாயடைத்து நின்றது வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான்.

அப்போது மண்டபத்தின் நடுவிலிருந்து ஓர் ஆண் குரல் எழும்பியது. பயமோ கோபமோ இல்லாத, வேலை வாங்குகிற குரல்.

"இரிங்க! எல்லாரும் நிண்ட இடத்துலயே இரிங்க! குந்துங்க!"

இரண்டு மூன்று தரம் அப்படிக் கத்திவிட்டு, பிறகு என் பக்கம். "ரீச்சர்! வாய மூடிட்டு நிக்காதீங்க! கதையச் சொல்லுங்க! படத்துல அடுத்து என்ன?"

படத்தில் அடுத்து அந்த நகரம் எரிந்து சாம்பலாகும். அதை எப்படிச் சொல்வது? ஆனால் அவர் கேட்டவுடன் எனக்கு வாய் திறந்துவிட்டது. மைக்கைக் கிட்ட எடுத்தேன்.

"எதிரி ஓடம் திரும்பிப் போகுது," என்றேன். "ஓம், போகுது. தூரத்தில போயிற்றுது. இப்ப ஒரு சத்தமும் இல்லை. ஊர்ச்சனம் நிக்கினம். ஆரும் ஓடேல்லை. எல்லாரும் நிலத்தில இருக்கினம். பக்கத்தில இருக்கிற ஆளின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு இருக்கினம்."

முழுப் பொய். அப்படி ஒரு காட்சி அந்தப் படத்திலேயே கிடையாது. ஆனால் ஆறுதலாக, ஒவ்வொரு சொல்லாக, குழந்தைக்குச் சோறூட்டுகிற மாதிரிச் சொல்லிக்கொண்டே போனேன். அந்தக் குரலும் இடையிடையே "இரிங்க, இரிங்க" என்றது. பின்வரிசை முதலில் குந்தியது. பிறகு அதற்கு முன்வரிசை. நெருக்கம் தளர, கதவடியில் நின்றவர்களுக்குப் பின்னால் அடி வைக்க இடம் கிடைத்தது. கதவு இழுபட்டது. அதே நேரம் விஞ்ஞான ஆசிரியர் தடவித் தடவிப் போய் ஒரு யன்னல் சீலையை இழுத்துக் கிழித்தார். பின்னேர வெயில் மண்டபத்துக்குள் கொட்டியது.

கதவுக்குப் பக்கத்தில் ஓர் இளம் தாய் நிலத்தில் கவிழ்ந்து கிடந்தாள். எல்லோரும் அவள் செத்துவிட்டாள் என்றே நினைத்தோம். அவள் மெல்ல முழங்காலில் எழும்ப, அடியில் அவளுடைய மூன்று வயது மகன் முழித்துக்கொண்டு கிடந்தான். அவனுக்கு ஒரு கீறல் இல்லை. அவளுடைய வலது கையைத்தான் பல பேர் மிதித்துவிட்டார்கள். இரண்டு விரல் முறிந்திருந்தது.

நான் ஓடிப்போய் அவளுக்குப் பக்கத்தில் குந்தினேன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ என்று சொன்னேனா, அழுதேனா, இப்போது சரியாக நினைவில்லை. அவள் சொன்னது மட்டும் அப்படியே நினைவிருக்கிறது.

"நீங்க படந்தான் சொன்னீங்க டீச்சர். எங்களுக்கு ஓடுங்கன்னா அது படம் இல்ல. எங்க தோட்டத்து லயத்து வீட்டுக்குப் பின்னால நின்னு யாரோ இப்படித்தான் கத்துனாங்க. புள்ளைய மட்டும் தூக்கிக்கிட்டு வந்தோம்."

அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கட்டுப் போட்டுக் கொண்டுவர ஒன்றரை மணி நேரம் ஆனது. திரும்பி வந்தால் மண்டபத்தில் பாதிச் சனத்துக்கு மேல் போகாமல் இருக்கிறது. கரண்ட் வரவில்லை. சீலைகளையெல்லாம் கழற்றிவிட்டிருந்தார்கள். "மிச்சக் கதையைச் சொல்லுங்கோ மிஸ்" என்றார்கள் பிள்ளைகள். அந்தத் தாயும், "நானும் கேட்டுட்டுப் போறேன்" என்று மகனை மடியில் வைத்துக்கொண்டு வாங்கில் இருந்தாள்.

முதலில் உண்மையைச் சொன்னேன். எதிரி திரும்பிப் போனதாகச் சொன்னது என் பொய், படத்தில் அந்த நகரம் எரிந்துபோகும் என்றேன்.

அந்த ஆண் குரலுக்குரியவர் எழும்பினார். நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க, கறுத்த, இறுகின உடம்புக்காரர். கிண்ணியாவைச் சேர்ந்தவர், லாஞ்சிப் படகில் சனம் ஏற்றி இறக்குகிறவர் என்று அப்போதுதான் அறிந்தேன். மகளோடு படம் பார்க்க வந்திருந்தார்.

"அப்ப அந்த ஊர்ச்சனம் என்னாச்சு ரீச்சர்?" என்று கேட்டார்.

"காட்டேல்லை," என்றேன். "அதுக்குப் பிறகு கதாநாயகன்ர சண்டைதான்."

"காட்டல்லயா?" அவர் சிரித்தார். பிறகு தானே சொன்னார். ஜப்பான்காரன் குண்டு போட்ட அன்று அவர் சின்னப் பையன், தகப்பனோடு தோணியில் இருந்திருக்கிறார். விமானம் போன பிறகு, டவுனிலிருந்து சனம் கரைக்கு ஓடிவந்து அவர்களுடைய தோணியில் ஏறியதாம். ஏற ஏற ஒரு பக்கம் சரிந்து தண்ணீர் உள்ளே வந்ததாம். "குண்டுல சாகாத சனம் எங்கட தோணியில சாகப் பாத்திச்சு. வாப்பா கத்தினார், இரிங்க இரிங்க எண்டு. ஓடுற சனத்துக்கு நில்லுங்க எண்டா கேக்காது. இரிங்க எண்டாத்தான் கேக்கும்."

என்னிடம் எட்டுப் பக்கக் குறிப்பு இருந்தது. அதையும் வாசித்தேன், வாசிக்காமல் விடவில்லை. விமானந்தாங்கி, மூன்று மூன்றாக வரும் அணி, எரிபொருள் கிடங்கு எல்லாம் சரிதான், இன்றைக்கும் அதில் ஒரு வரியையும் நான் மாற்ற மாட்டேன். ஆனால் வாசிக்கும்போதே ஒன்று விளங்கியது. நான் கண்டுபிடித்த ஒற்றுமைகள் எல்லாம் மேலே பறப்பவனின் கண்ணால் பார்த்தவை. படம் எடுத்தவரும் அங்கிருந்துதான் பார்த்தார். கீழே நின்றவர்களை அவரும் காட்டவில்லை, நானும் தேடவில்லை. அதையும் அந்தக் கூட்டத்துக்கு வெளிப்படையாகவே சொன்னேன்.

அந்தத் தாயின் விரல்கள் குணமாக ஆறு கிழமைக்கு மேல் ஆனது. பாலையூற்றில் ஒரு சின்னக் கொட்டிலில் இருந்தாள். கிழமையில் மூன்று நாள் பாடசாலை விட்டதும் போய்ச் சமைத்துக் கொடுத்தேன், தண்ணீர் அள்ளி வைத்தேன். முதல் நாள் வேண்டாம் என்றாள். இரண்டாம் நாள் என் பருப்புக் கறியில் உப்புக் காணாது என்றாள். அதன்பிறகு இருவருக்கும் கூச்சம் போய்விட்டது.

வகுப்பிலும் என் படிப்பித்தல் மாறியது. அந்தப் பாடம் வந்தால் பிள்ளைகளை அனுப்பி, குண்டு விழுந்த அன்றைக்கு ஊரில் இருந்த ஒருவரிடம் கேட்டு எழுதிக்கொண்டு வரச் சொன்னேன். சம்பூரிலிருந்தும் மூதூரிலிருந்தும் டவுனிலிருந்தும் அவர்கள் கொண்டுவந்த கதைகளுக்கு ஒரு நாளும் யாரும் கொட்டாவி விடவில்லை.

அந்தப் பின்னேரத்துக்குப் பிறகு எங்கள் ஊர் பார்த்தவை சொல்லி முடியாது. விண்வெளிப் போர்ப் படங்கள் எனக்கு இப்போதும் பிடிக்கும், பேரப்பிள்ளைகளோடு இருந்து ஆசையாகப் பார்க்கிறேன். ஆனால் எந்தக் கிரகத்தில் எந்த ஊர் எரிந்தாலும், கதாநாயகனை விட்டுவிட்டு அந்தப் புகைக்குள் யார் யாரைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள் என்றுதான் என் கண் தேடுகிறது, அப்படித் தேடத் தெரிந்த நாளிலிருந்துதான் நான் சரித்திர ஆசிரியை ஆனேன் என்று நினைக்கிறேன்.